தேக்காவில் ரூம் போடப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

சிங்கப்பூரில் பீச் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது, தெரியுமா? ஆனால் 1887 டிசம்பரில், ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் அந்தச் சாலையில் பத்தே அறைகளோடு ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தபோது வாசலுக்கு எதிரே அலை அடித்துக்கொண்டிருந்தது! ஹோட்டல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடலைத்தான் மண்ணைக் கொட்டிக் கொட்டித் தள்ளிவிட்டார்கள். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. இடம் போதாமல் கடலிடம் இடம் கேட்ட ஊர் இது. அங்கே போய்த்தான் நீங்களும் நானும் தங்க இடம் தேடப் போகிறோம்.

அதே ராஃபிள்ஸில் 1902இல் ஒரு புலியும் தங்க வந்தது தெரியுமா? பக்கத்தில் நடந்த ஒரு காட்சியிலிருந்து தப்பிய புலி. ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அடியில் அதைச் சுட்டார்கள் என்று ஊரெல்லாம் கதை சொல்வார்கள். நிஜத்தில் அது பதுங்கியது மேஜைக்கு அடியில் இல்லை, தரைக்கு அடியில்! அந்தக் கூடம் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியது. கீழே இருந்த வெற்றிடத்தில் புகுந்துகொண்டது. சுட்டவர் வேட்டைக்காரரா? இல்லை, பக்கத்துப் பள்ளிக்கூடமான ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனின் தலைமையாசிரியர்! ஜப்பானியர் ஆட்சியில் இந்த ஹோட்டல் ‘ஷோனான் ரியோகான்’ என்று பெயர் மாறிக் கிடந்தது. இன்று இங்கே சாதா அறை என்று ஒன்று கிடையாது, 115உம் ஸ்வீட்தான். ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் நம்மூரில் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும். வாசலில் நிற்கும் தலைப்பாகைக்காரரைப் பார்த்துவிட்டு வருவதற்குக் காசில்லை. அதுவரை போதும் நமக்கு.

தபால் ஆபீசில் தூங்க ஆசையா? அதற்கும் வழி உண்டு. ஆற்று முகத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் 1928இல் திறந்த கட்டடம், பல காலம் பெரிய தபால் நிலையம். 2001இல்தான் ஹோட்டலானது. விலை? மேலே சொன்ன பதிலே.

சரி, தேக்காவுக்கு வருவோம். சுற்றுலாப் புத்தகத்தில் லிட்டில் இந்தியா. ஊர்க்காரர் வாயில் தேக்கா. சென்னையில் நடுராத்திரிக்கு முன்னால் விமானம் ஏறினால் நாலரை மணி நேரத்துக்குள் சாங்கி. இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். காலை ஆறரைக்கு வெளியே வந்து பார்த்தால் கும்மிருட்டு! கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை, சிங்கப்பூர்க் கடிகாரமே சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, தெரியுமா? பூமிப் படத்தில் அந்தத் தீவு இருக்கும் இடத்துக்குக் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னால் இருந்தால் போதும். 1981 கடைசி நாளில் மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்த, சிங்கப்பூரும் சேர்ந்து நகர்த்திக்கொண்டது. அன்றிலிருந்து எட்டு மணி நேர வித்தியாசம். வருஷம் முழுக்கச் சூரியன் எழுவது ஏழு மணியை ஒட்டி, விழுவதும் ஏழு மணியை ஒட்டி. ஸ்டாக்ஹோமுக்கோ ஹெல்சிங்கிக்கோ ஜூன் மாதம் போகிறவர்கள் ராத்திரி பத்து மணி வெளிச்சத்தில் தூங்க முடியாமல், அறையில் கனத்த திரை இருக்கிறதா என்று விசாரித்து ரூம் போடுவார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் இந்த ஊரில் அந்தக் கவலை இல்லை. இங்கே விசாரிக்க வேண்டியது வேறு: ஜன்னல் இருக்கிறதா?

ஆமாம், ஜன்னலே இல்லாத அறைகளைத் தேக்காவில் வாடகைக்கு விடுகிறார்கள், தெரியுமா! ஏமாற்று இல்லை. ‘ஜன்னல் இல்லை’ என்று பதிவு செய்யும் இடத்திலேயே போட்டிருப்பார்கள். நாம்தான் விலையைப் பார்த்த சந்தோஷத்தில் வாசிப்பதில்லை. குற்றம் ஹோட்டல்காரருடையது அல்ல, கடைவீட்டின் உடம்புவாகு அப்படி. கீழே கடை, மேலே வீடு என்று வரிசையாகத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய கட்டடங்கள் அவை. உத்தரக் கட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அகலம்; ஆழமோ பின்தெரு வரை போகும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர். வெளிச்சம் வர முன்பக்கம், பின்பக்கம், நடுவில் ஒரு முற்றம், அவ்வளவே. அதை அறை அறையாகத் தடுத்தால் நடுவில் விழும் அறைக்கு ஜன்னல் எங்கிருந்து வரும்? இடித்துவிட்டுக் கட்டவும் முடியாது. 1989இல் தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்கள் ஆகிவிட்டன. முகப்பில் கை வைக்கக் கூடாது. அதனால்தான் டன்லப் தெருவிலும் டிக்சன் சாலையிலும் வெளியே பூவேலைப்பாடும் மர அடைப்புக் கதவுமாக நூறு வயசு முகம், உள்ளே ரயில் பெர்த் அளவில் அடுக்குப் படுக்கை!

அந்தக் கடைவீடுகளின் முன்னால் மழைக்கு ஒதுங்கி நடக்கிறோமே, ஐந்தடி நடைபாதை, அது இந்த ஊரை நிறுவிய ராஃபிள்ஸ் துரை 1822இல் நகரத் திட்டம் போடும்போதே கட்டாயமாக்கிய விஷயம். இருநூறு வருஷமாக ஒரு சட்டம் நம் தலையை நனையாமல் காக்கிறது என்றால் சும்மாவா!

‘ஹோட்டல் எதற்கு? நம்ம மாமா பையன் வீவக வீட்டில் வாடகைக்கு ஒரு அறை எடுத்துக்கொள்ளலாமே’ என்று யோசிக்கிறீர்களா? விருந்தாளியாகச் சும்மா தங்கலாம். காசு கொடுத்து நாலு நாள் தங்கினால் சட்ட விரோதம், தெரியுமா? வீவக, அதாவது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதம். சுற்றுலாப் பயணிக்கு விடவே கூடாது. தனியார் வீடென்றால் குறைந்தது மூன்று மாதம். மீறினால் அபராதம் இரண்டு லட்சம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை போகலாம். உலகம் முழுக்க ஆப்பில் வீடு பிடித்துத் தங்கிப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். விளம்பரம் பளபளப்பாக வரும், வாடகை மலிவாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது அலங்காரம் இல்லை! சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அந்த மொத்தத்தின் மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 100 வெள்ளி அறை 119 வெள்ளி 90 காசாகி நிற்கும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டையில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள். அதனால் ரூம் போட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். அரசாங்கத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் வேறு யாரோ.

இனி அசல் விஷயம். நமக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்த தமிழர்கள் எங்கே தங்கினார்கள் தெரியுமா? முதலில் வந்து இறங்கியவர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. அவர்கள் கைதிகள்! 1825இல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சென்னை மாகாணத்துக்காரர்களும் அதில் உண்டு. பிராஸ் பாசாவில் அவர்களைப் பூட்டி வைத்த சிறையை யார் கட்டினார்கள்? அவர்களேதான்! காவலுக்கு யார்? நன்னடத்தை காட்டிய கைதிகளே! வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அந்தக் கைகள்தான். உள்சுவரின் வழவழப்புக்குக் காரணம் மெட்ராஸ் சுண்ணாம்பு: சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சமாச்சாரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் உழைப்பு. ஆயிரம் ஆயிரம் வெள்ளி வாங்கும் எந்த ஹோட்டலைவிடவும் இந்த ஊரின் பழைய கட்டடங்களில் நம் ஆட்களின் கைரேகை அதிகம்.

கைதியாக வராதவர்கள்? சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்! 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளையைப் போட்டவர், 1827இல் அத்தாப்பு ஓலையும் மரமுமாக எழுப்பிய கோயில் அது. கப்பலை விட்டு இறங்கி, வேலையும் கூரையும் கிடைக்கும்வரை போக்கிடம் இல்லாதவர்களுக்கு அம்மன் சந்நிதிதான் தங்குமிடம். வாடகை இல்லை, கூட்டல் குறி இல்லை!

நகரத்தாருக்குக் கிட்டங்கி. மார்க்கெட் தெருவில் நீண்ட கூடங்கள். வரிசையாக ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய் அகலம் இடம். ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேஜை, பின்னால் ஓர் அலமாரி. பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு, ராத்திரி அதே இடத்தில் படுக்கை. சமையல்காரர் ஆக்கிப்போடக் கூட்டுப் பந்தி. பெண்டு பிள்ளைகள் ஊரில். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்துக் கப்பலேறுவார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் கடன் கொடுத்த பணம், சட்டை கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர்களிடமிருந்து போனது என்றால் யோசித்துப் பாருங்கள்! அவர்கள் 1859இல் டேங்க் சாலையில் முருகனுக்குக் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. கிட்டங்கிகள் 1970களில் இடிபட்டுப் போயின. அதே மார்க்கெட் தெருவில் இன்று 280 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று. அதற்குள்ளேயும் மாதக்கணக்கில் தங்கும் வியாபாரிகளுக்குச் சமையலறையோடு வாடகை அறைகள்! தெருவின் பிழைப்பு மாறவேயில்லை. பெட்டியடிதான் குளிர்சாதன வசதியோடு மாடி ஏறிவிட்டது.

டெக் பயணிகள் இன்னும் பரிதாபம். 1926இல் கட்டிய எஸ்.எஸ். ராஜுலா என்ற பேர் நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். சென்னை, நாகை, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஆயிரக்கணக்கானவர்களை மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு 1970களின் தொடக்கம்வரை ஓடிய கப்பல். சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிந்துவிடும், இறங்கத்தான் முடியாது! கப்பலில் அம்மை, காலரா என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு. 1873 காலராவுக்குப் பிறகு 1874இல் அங்கே திறந்த தனிமை முகாம், 1930களில் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருந்தது. புதிதாக வந்த எத்தனையோ தமிழர்களுக்குச் சிங்கப்பூரின் முதல் ராத்திரி அங்கேதான். இன்று அதே தீவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு படகேறிப் போகிறார்கள், குளிப்பதற்கு!

நீங்கள் ரூம் போட்டிருக்கும் தேக்கா மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? மாடு! கல்கத்தா யூதரான பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயரில் ஒரு சாலை, எருமையின் பெயரில் இரண்டு. மாட்டுக்குத் தமிழர்கள் வந்தார்கள், தமிழர்களுக்குக் கோயில் வந்தது. சீனிவாசப் பெருமாள் கோயில் நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 1851இல் 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கினார்கள்! இன்று அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டு விலை கூட அதைவிட... வேண்டாம், ஒப்பிட்டால் நெஞ்சு வலிக்கும்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் ரேஸ் உண்டா? 1933வரை உண்டு. அந்தக் குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச் 16ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. ஓட்டியவர் ஜோசஃப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர். அதே ஃபேரர் பார்க் திடலில்தான் 1942 பிப்ரவரி 17 அன்று தோற்ற பிரிட்டிஷ் படை தன் இந்திய வீரர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தது. இந்திய தேசிய ராணுவம் முளைத்த இடம் அது. பக்கத்திலேயே, நம்மவர்கள் கே.கே. என்று சொல்லும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் பழைய கட்டடம். 1966 ஒரே வருஷத்தில் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835! கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை. சராசரிக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல்!

ஹோட்டல் பற்றிப் பேசிக்கொண்டே சிராங்கூன் சாலையில் நடந்தால் ஓவன் சாலை முனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல். அந்த முனையில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. 33 பேர் இறந்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். எப்படித் தெரியுமா? அப்போதுதான் ஊருக்கு அடியில் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுரங்கப் பொறியாளர்கள் ஓடி வந்து இடிபாடுகளுக்குள் குடைந்து வழி செய்தார்கள். சரிந்ததற்குக் காரணம் வாயு வெடிப்பு, சுரங்க அதிர்வு என்று என்னென்னவோ பேச்சு. விசாரணையில் தெரிந்த உண்மை வயிற்றைக் கலக்கும்: உள்ளே இருக்கப்போகும் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் எடை போட்டவர்கள் கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை! பதினைந்து வருஷம் அது நின்றதுதான் அதிசயம். அதன் பிறகு சட்டம் இறுகியது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை, மற்றவற்றை, ஹோட்டல்களையும் சேர்த்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பொறியாளர் சோதித்தாக வேண்டும். அந்த முனையில் இன்றும் ஒரு ஹோட்டல் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. தமிழ்நாட்டுக்காரர்களும் வங்காளதேசத்துக்காரர்களுமான கட்டுமான, கப்பல்பட்டறைத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப, காய்கறி வாங்க, சொந்த ஊர் ஆளைப் பார்க்க வருவார்கள். இவர்கள் தங்குவது தீவின் ஓரங்களில் இருக்கும் ஊழியர் விடுதிகளில். 2020 இறுதிக் கணக்குப்படி அந்த விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குக் கொரோனா தொற்றியிருந்தது. நெருக்கம் அப்படி. அதற்குப் பிறகு கட்டும் புதிய விடுதிகளுக்கு விதி: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர். நீங்கள் ‘அறை சின்னது’ என்று குறை எழுத உட்காரும்போது இந்த 4.2 நினைவுக்கு வந்தால் நல்லது.

இதே வட்டாரத்தில் 2013 டிசம்பர் 8 இரவு, ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. அதன் தொடர்ச்சியாக 2015இல் வந்த சட்டப்படி, சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை தேக்காவின் பொது இடங்களில் மது குடிக்கக் கூடாது. எந்த நாளானாலும் ராத்திரி பத்தரைக்கு மேல் தீவு முழுக்கவே அப்படித்தான். ஹோட்டல் வாசற்படியில் பீர் டின்னோடு உட்காரும் வெள்ளைக்காரப் பையன்களுக்கும் சேர்த்தேதான் சட்டம்!

நாட்டில் குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் காசு இருந்தால் மட்டும் எந்த புளோக்கிலும் வாங்கிவிட முடியாது, தெரியுமா? 1989இலிருந்து இன விகிதாச்சாரம் உண்டு. ஒரு புளோக்கில் இந்தியர்களும் இதரரும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தொட்டுவிட்டால், அடுத்து வரும் தமிழ்க் குடும்பம் அங்கே விற்கிற சீனரிடமோ மலாய்க்காரரிடமோ வாங்க முடியாது. தேக்கா என்பது கடைத்தெரு மட்டும்தான், தமிழர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு இல்லை என்பது பலருக்கு வந்து பார்த்த பிறகுதான் புரிகிறது. தமிழர்கள் ஈசூனிலும் ஜூரோங்கிலும் உட்லண்ட்ஸிலும் சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். இதை நல்லது என்பாரும் உண்டு, விற்கப் போகும்போது வாங்க ஆள் சுருங்கி நட்டப்பட்டோம் என்பாரும் உண்டு. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. மெரினா பே சாண்ட்ஸின் 57ஆம் மாடி நீச்சல் குளம், சுமார் 150 மீட்டர் நீளம், படத்தில் பார்த்து ஏங்காதவர் இல்லை. அங்கே ரூம் போட்டவர்களைத் தவிர யாரையும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். உயரம்தான் வேண்டுமென்றால் தஞ்சோங் பகார் பக்கம் போங்கள். டக்ஸ்டனில் 50 மாடி வீவக வீடுகள், ஏழு கோபுரங்கள், உச்சியில் ஒன்றையொன்று தொடும் வானப்பாலம். சில வெள்ளிதான் கட்டணம். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நங்கூரமிட்ட கப்பல்கள், சவுத் பிரிட்ஜ் சாலைக் கோபுரம் எல்லாம் காலுக்குக் கீழே. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருப்பதால் காலையிலேயே போய்விடுவது உத்தமம். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், அட்டையை எடுத்துப் போங்கள்.